சிகாகோவின் ஹைட் பார்க்: ரயிலால் பிறந்த ஊர் நகரத்தோடு சேர்ந்தது எப்படி?

கேள்வி இதுதான்: சிகாகோ நகரத்துக்குள் இன்று ஒரு பேட்டையாக இருக்கும் ஹைட் பார்க் முன்பு தனி ஊராக இருந்ததாமே, அதை உருவாக்கியது யார், அப்புறம் ஏன் தனியாக நிற்க முடியாமல் போனது?

ஆமாம், தனி ஊர்தான். 1889 வரைக்கும் அதற்கென்று சொந்த நிர்வாகம், சொந்த போலீஸ், சொந்தக் குடிநீர் ஏற்பாடு எல்லாம் இருந்தன. நகரம் பலவந்தமாக அதை எடுத்துக்கொண்டது என்று பலர் நினைக்கிறார்கள். நடந்தது அது இல்லை. ஊர்க்காரர்களே வாக்களித்துச் சேர்ந்தார்கள். ஏன் சேர்ந்தார்கள் என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுகிற இடம். அதற்குக் கொஞ்சம் ஆரம்பத்திலிருந்தே வர வேண்டும்.

நியூயார்க் மாநிலத்தில் பிறந்து 1847இல் சிகாகோவில் குடியேறிய இளம் வழக்கறிஞர் பால் கார்னெல். அன்றைய சிகாகோ சின்ன நகரம். 1850 கணக்கெடுப்பில் கூட சுமார் 30,000 பேர்தான். கார்னெல் வழக்குகளைவிட நிலத்தில்தான் எதிர்காலம் இருக்கிறது என்று கண்டுகொண்டார். 1853இல் நகரத்துக்குத் தெற்கே, மிஷிகன் ஏரிக்கரையில், இன்றைய 51ஆம் தெருவுக்கும் 55ஆம் தெருவுக்கும் நடுவில் 300 ஏக்கர் வாங்கினார். மணல் மேடு, ஓக் மரங்கள், இடையிடையே சதுப்பு. நகர மையத்திலிருந்து ஆறரை மைல் தூரம். குதிரை வண்டியில் தினமும் போய்வருகிற தூரமே இல்லை. அப்படிப்பட்ட நிலத்தை மனை போட்டு விற்றால் யார் வாங்குவார்கள்?

இங்கேதான் ரயில் வருகிறது. இல்லினாய் சென்ட்ரல் ரயில்வே 1851இல் மாநில அரசின் உரிமம் பெற்ற நிறுவனம். செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ் முன்னின்று நிறைவேற்றிய சட்டத்தால் மத்திய அரசிடமிருந்து சுமார் 25 லட்சம் ஏக்கர் நிலம் அதன் கைக்கு வந்தது. அதை விற்றுத்தான் தண்டவாளம் போட்டார்கள். நகரத்துக்குள் நுழைய ஏரிக்கரை வழியை சிகாகோ கொடுத்தது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. ஏரி அலைகள் மிஷிகன் அவென்யூ கரையை அரித்துக்கொண்டிருந்தன, தடுப்புச் சுவர் கட்ட நகரத்திடம் பணமில்லை. அலைத்தடுப்பை ரயில்வே கட்ட வேண்டும், அதற்குப் பதிலாக வழி. அதனால் நகர மையத்துக்கு நெருக்கத்தில் தண்டவாளம் கரையில் இல்லை, ஏரித் தண்ணீருக்குள் ஊன்றிய மரத்தூண்களின் மேல் ஓடியது. ஒரு பக்கம் திறந்த ஏரி, மறுபக்கம் கரைக்கும் பாதைக்கும் நடுவில் அகப்பட்ட நீர்ப்பரப்பு, அதற்கப்பால் வசதியானவர்களின் வீட்டு வரிசை. 1871 பெருந்தீக்குப் பிறகு எரிந்த கட்டடங்களின் இடிபாடுகளைக் கொட்டித்தான் அந்த நீர்ப்பரப்பைத் தூர்க்கத் தொடங்கினார்கள்.

இந்தப் பாதை கார்னெலின் நிலத்தின் ஊடாகத்தான் தெற்கே போனது. ஆனால் பாதை போனால் மட்டும் என்ன பயன், வண்டி நிற்க வேண்டுமே. தன் 300 ஏக்கரில் 60 ஏக்கரை அவர் ரயில்வேக்கே எழுதிக் கொடுத்தார். அதற்கு ஈடாக 53ஆம் தெருவில் ஒரு ஸ்டேஷன், தினமும் நகரத்துக்குப் போய்வர வண்டிகள். 1856இல் சேவை தொடங்கியது. சிகாகோவில் இன்று ஓடும் புறநகர் ரயில் சேவைகளுக்கெல்லாம் முன்னோடி அதுதான். ஐந்தில் ஒரு பங்கு நிலத்தைக் கொடுத்து மீதி நாலு பங்குக்கும் விலை ஏற்றினார் என்று சுருக்கமாகச் சொல்லலாம். பிற்காலத்தில் அமெரிக்காவில் எத்தனையோ மனை வியாபாரிகள் இதையே செய்தார்கள், ஆனால் 1850களில் இப்படி ஒரு கணக்குப் போட நிஜமாகவே துணிச்சல் வேண்டும். நெடுந்தூரச் சரக்கும் நில விற்பனையும்தான் ரயில்வேயின் பிழைப்பாக இருந்த காலம் அது. ஆள் நடமாட்டமில்லாத ஏரிக்கரைக்கு தினசரி வண்டி விடுவதில் அவர்களுக்குத் தானாக ஆர்வம் பிறந்திருக்காது.

பெயரையும் யோசித்துத்தான் வைத்தார். லண்டனிலும் நியூயார்க் ஹட்சன் ஆற்றங்கரையிலும் ஹைட் பார்க் என்றால் பணக்காரர்கள் உலவும் இடம். அந்தக் கௌரவம் தன் மனைகளுக்கும் ஒட்டட்டும் என்று நினைத்தார். பெரிய மனைகள், ஏரிக்காற்று, தொழிற்சாலைக்கு இடமில்லை. இவைதான் அவர் விற்ற சரக்கு. 53ஆம் தெருவில் ஏரியோரமாக ஹைட் பார்க் ஹவுஸ் என்ற பெரிய ஓட்டலும் எழுந்தது. 1865இல் ஆபிரகாம் லிங்கன் கொலையுண்ட பிறகு, வெள்ளை மாளிகையை விட்டு வெளியேறிய அவர் மனைவி மேரி, மகன்கள் ராபர்ட்டையும் டாடையும் கூட்டிக்கொண்டு அந்தக் கோடையில் தங்கியது இங்கேதான். துக்கத்தில் ஒதுங்கி இருக்க நினைத்த ஒருவருக்கு ஏற்ற அளவு அமைதி அங்கே இருந்தது. வேண்டும்போது ரயில் ஏறி நகரத்துக்குப் போகவும் முடிந்தது. ஓட்டல் 1879இல் தீயில் அழிந்துபோனது.

பக்கத்திலேயே, வடக்கே, கென்னிகாட் என்ற பல் மருத்துவர் 1856இல் வீடு கட்டிக் குடியேறி கென்வுட் என்று பெயர் வைத்தார். சில வருடங்களில் அங்கேயும் ஒரு ஸ்டேஷன் வந்தது, அதைச் சுற்றி மாளிகைகள் வந்தன. ஸ்டேஷன், அதைச் சுற்றி நடந்துபோகிற தூரத்துக்குள் வீடுகள், அப்புறம் வெறும் புல்வெளி, மறுபடி ஒரு ஸ்டேஷன். ரயில் பெற்ற புறநகர்களின் உருவம் இதுதான்.

இதுவரை சொன்னது அழகான, வசதியான ஊரின் கதை. பின்னால் வந்த சிக்கலெல்லாம் 1861இல் முளைவிட்டது. அந்த வருடம் ஹைட் பார்க் டவுன்ஷிப் உருவானது, கார்னெல்தான் அதன் முதல் தலைவர். டவுன்ஷிப் என்பது ஸ்டேஷனைச் சுற்றிய குடியிருப்பு மட்டுமில்லை, வரைபடத்தில் கோடு போட்டுப் பிரித்த பெரும் நிலப்பரப்பு. முழு வடிவத்தில் அது வடக்கே 39ஆம் தெருவிலிருந்து தெற்கே 138ஆம் தெரு வரை, மேற்கே ஸ்டேட் ஸ்ட்ரீட்டிலிருந்து கிழக்கே ஏரியும் இண்டியானா எல்லையும் வரை விரிந்தது. ஏறக்குறைய 48 சதுர மைல். 1889 இணைப்புக்கு முன்னால் சிகாகோ நகரமே 44 சதுர மைலுக்குள்தான் இருந்தது. அதாவது, புறநகர் என்று நாம் சொல்லும் ஊர் நகரத்தைவிடப் பரப்பில் பெரியது!

1872இல் இந்த முழுப் பரப்பையும் சட்டப்படி ஒரு கிராமமாகப் பதிவு செய்துகொண்டார்கள். அன்றைய இல்லினாய் சட்டத்தில் நகரம் என்றால் வார்டு வாரியாக உறுப்பினர்கள் உண்டு. கிராமம் என்றால் மொத்த ஊருக்கும் சேர்த்து ஆறு பேர் கொண்ட ஒரு வாரியம், அவ்வளவுதான். நாலாயிரம் பேர் இருக்கும்போது இது போதுமானது. ஆனால் அதன் எல்லைக்குள் என்னென்ன வளர்ந்துகொண்டிருந்தது என்று பாருங்கள்.

75ஆம் தெருப் பக்கம் கிராண்ட் கிராசிங். இல்லினாய் சென்ட்ரல் பாதையும் மிஷிகன் சதர்ன் பாதையும் ஒன்றையொன்று தரைமட்டத்தில் குறுக்கே வெட்டிய இடம். யாருக்கு முன்னுரிமை என்பதில் கம்பெனிகளுக்குள் தகராறு, முறையான சிக்னல் ஏற்பாடும் கிடையாது. 1853 ஏப்ரல் 25 இரவு இரண்டு பயணிகள் ரயில்கள் அங்கே மோதி 18 பேர் செத்தார்கள். அதன் பிறகு எல்லா வண்டியும் சந்திப்பில் நின்றுதான் போக வேண்டும் என்று ஆனது. எல்லா ரயிலும் நிற்கிற இடம் என்றால் தொழிற்சாலைக்கு அதைவிட வசதி ஏது? கார்னெல் அங்கேயும் நிலம் வாங்கிப் போட்டார், 1870களில் சட்டைப்பைக் கடிகாரத் தொழிற்சாலையும் நடத்தினார். தான் குடியிருந்த ஹைட் பார்க் மையத்தில் ஆலைப் புகையே கூடாது என்று ஒதுக்கி வைத்த அதே மனிதர், சில மைல் தெற்கே அதே டவுன்ஷிப்புக்குள் ஆலைப் பேட்டை போட்டார். இதில் முரண்பாடு எதுவும் இருப்பதாக அவர் நினைத்திருக்க மாட்டார். தண்டவாளம் ஓரிடத்தில் பங்களாவையும் இன்னோரிடத்தில் பட்டறையையும் கொண்டுவரும், இரண்டுமே நில விலைதான்.

பூங்காக்களும் அப்படித்தான். நகரத்தின் தென்பகுதிக்குப் பெரும் பூங்கா வேண்டும் என்று கார்னெல் வருடக்கணக்கில் சட்டமன்றத்தில் நின்று வாதாடினார். 1867இல் வந்த சட்டத்தை வாக்காளர்கள் தோற்கடித்தார்கள். விடாமல் முயன்று 1869இல் இன்னொரு சட்டம் கொண்டுவந்து ஜெயித்தார். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த ஆல்ம்ஸ்டெடும் வாக்ஸும் 1871இல் திட்டம் வரைந்து கொடுத்தார்கள்: ஏரியோரம் ஒரு பூங்கா, உள்ளே தள்ளி இன்னொரு பூங்கா, இரண்டையும் இணைக்க மிட்வே என்ற நீண்ட பட்டை. இன்றைய ஜாக்சன் பார்க், வாஷிங்டன் பார்க், மிட்வே பிளசான்ஸ். மொத்தம் ஆயிரம் ஏக்கருக்கு மேல். அதே வருடம் அக்டோபரில் பெருந்தீ நகரத்தை அழித்தது, பூங்கா வேலைக்கான பணம் சுருங்கியது. ஜாக்சன் பார்க்கின் பெரும்பகுதி இன்னும் இருபது வருடம் மணலும் சதுப்புமாகவே கிடந்தது. ஆனால் பூங்கா வரப்போகிறது என்ற செய்தியே சுற்றுவட்டார மனை விலையைத் தூக்கிவிட்டது.

தீக்குப் பிறகு நகர எல்லைக்குள் மரவீடு கட்டக் கட்டுப்பாடுகள் இறுகின. செங்கல் வீடு கட்ட வசதியில்லாத குடும்பங்கள் எல்லைக்கு வெளியே நகர்ந்தன. அப்புறம் 1880 வந்தது. அந்த ஒரே வருடத்தில் கேலுமெட் ஆற்று முகத்துவாரத்தில் நார்த் சிகாகோ ரோலிங் மில் கம்பெனி தன் பெரிய எஃகு ஆலையைக் கட்டத் தொடங்கியது. கேலுமெட் ஏரியின் மேற்கே, சொகுசு ரயில் பெட்டி செய்யும் ஜார்ஜ் புல்மன் 4,000 ஏக்கர் வாங்கித் தன் பெயரிலேயே ஒரு ஊரைக் கட்ட ஆரம்பித்தார். தொழிற்சாலை, வீடுகள், சந்தை, தேவாலயம், ஓட்டல் எல்லாமே கம்பெனிச் சொத்து. 1885க்குள் அங்கே எட்டாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். புல்மன் ஊர் தனி என்று எல்லோரும் நினைத்தாலும் சட்டப்படி அது ஹைட் பார்க் கிராமத்தின் ஒரு மூலைதான்.

இப்போது எண்ணிக்கையைப் பாருங்கள். 1880இல் ஹைட் பார்க் டவுன்ஷிப்பின் மக்கள்தொகை 15,716. 1889இல் ஏறக்குறைய 85,000. ஒன்பதே வருடத்தில் ஐந்து மடங்குக்கு மேல்! பங்களாக்காரர்கள், எஃகு ஆலைத் தொழிலாளர்கள், புல்மனின் வாடகைக்காரர்கள், ரோஸ்லாந்தில் 1849 முதல் காய்கறி பயிரிட்டு வந்த டச்சுக் குடும்பங்கள், எல்லோரையும் ஆள ஆறு பேர் வாரியம். உலகத்திலேயே பெரிய கிராமம் என்று அந்தக் காலத்திலேயே இதைச் சொல்வார்கள்.

சிக்கல் எங்கே வெடித்தது? தண்ணீரிலும் சாக்கடையிலும்தான். அன்று தெரு போடுவது, நடைபாதை, குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் எல்லாவற்றுக்கும் அந்தந்தத் தெருவின் நிலச் சொந்தக்காரர்களிடமே தனி வரி வசூலித்து வேலை செய்வார்கள். பணமுள்ள தெருவுக்கு எல்லாம் சீக்கிரம் வந்துவிடும். ஆலைத் தொழிலாளி இருக்கும் தெருவுக்கு வராது, அல்லது அவன் தாங்க முடியாத வரியோடு வரும். வீட்டு வாசல் வரைக்கும் இப்படிச் சமாளிக்கலாம். ஆனால் ஏரியிலிருந்து நீரை இழுக்கும் நிலையம், 12 மைல் நீளத்துக்கு ஓடும் பெருங்குழாய், தீயணைப்பு வண்டி, போலீஸ் இதையெல்லாம் தெருக் கணக்கில் செய்ய முடியாது. ஹைட் பார்க்குக்குச் சொந்த நீரேற்று நிலையம் இருந்தது, ஆனால் ஊர் வளரும் வேகத்துக்கு அது ஈடுகொடுக்க வேண்டுமே. நடுவில் கிடந்த காலி நிலமெல்லாம் குழாய் கடக்க வேண்டிய தூரம், அதிலிருந்து வரும் வரியோ சொற்பம். நகரம்போல் நெருக்கமாக இருந்திருந்தால் செலவைப் பங்கு போட்டிருக்கலாம்; சின்ன ஊராக இருந்திருந்தால் செலவே குறைந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. என் பார்வையில் ஹைட் பார்க்கின் தனி வாழ்வை முடித்தது இந்த உருவம்தான். சிகாகோவின் பேராசை அதற்குத் துணைக்காரணம் மட்டுமே.

பேராசை இல்லவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். கொலம்பஸ் வந்த நானூறாவது ஆண்டையொட்டி உலகக் கண்காட்சியை நடத்த நியூயார்க், வாஷிங்டன், செயின்ட் லூயிஸ் நகரங்களோடு சிகாகோ போட்டி போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. பத்து லட்சம் பேர் உள்ள நகரம் என்று சொல்லிக்கொள்வதற்கு அப்போது தனி மதிப்பு இருந்தது.

1887இல் ஒருமுறை ஹைட் பார்க்கில் வாக்கெடுப்பு நடந்து இணைப்புக்கு ஆதரவு கிடைத்தது. ஆனால் அது நடந்த சட்டம் செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. சட்டமன்றம் புதிய சட்டம் இயற்றியது. 1889 ஜூன் 29 அன்று மறுபடி வாக்கெடுப்பு. எதிர்ப்பும் பலமாக இருந்தது. சிகாகோவின் அரசியல் ஊழல் நம் ஊருக்கும் வந்துவிடும், வரி ஏறும் என்றார்கள். பதவியில் இருந்த கிராம அதிகாரிகளுக்குத் தங்கள் இடம் போய்விடுமே என்ற கவலை வேறு. புல்மன் கம்பெனி இணைப்பை விரும்பவே இல்லை. ஆறு பேர் வாரியத்திடம் காரியம் சாதித்துக்கொள்வதும் பெருநகர மன்றத்திடம் சாதிப்பதும் ஒன்றா என்ன? புல்மன் பகுதி எதிராக வாக்களித்தது. ஆனால் மொத்த டவுன்ஷிப்பின் வாக்கும் சேர்த்துத்தானே முடிவு! இணைப்பு ஜெயித்தது.

தண்ணீர் என்றேன் அல்லவா, புல்மனில் அது எப்படி விற்கப்பட்டது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. புல்மன் தொழிலாளர்களின் 1894 பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மத்திய அரசு அமைத்த விசாரணைக் குழுவின் முன் அது வெளிவந்தது. கம்பெனி ஆயிரம் காலன் நீரை 4 சென்ட்டுக்கு வாங்கித் தன் குடியிருப்பாளர்களிடம் 10 சென்ட் வசூலித்தது. குழாயும் வீடும் ஒரே முதலாளியின் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதை இந்த ஆறு சென்ட் காட்டிவிடுகிறது. பொதுக் குடிநீருக்காக மக்கள் நகரத்தின் பக்கம் சாய்ந்ததை வைத்து அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1898இல் மாநில உச்ச நீதிமன்றம் புல்மன் கம்பெனி தன் ஆலைக்குத் தேவையில்லாத வீடுகளை விற்றுவிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

எதிர்த்தவர்களுக்கு ஒரு விஷயத்தில் வெற்றி கிடைத்தது. ஹைட் பார்க்கின் பல பகுதிகளில் மதுக்கடைக்குத் தடையோ கடுமையான கட்டுப்பாடோ இருந்தது. சேர்ந்த பிறகும் அந்த உள்ளூர் விதிகள் தொடரலாம் என்று இணைப்புச் சட்டத்திலேயே இடம் வைத்தார்கள். அந்தச் சலுகை இல்லாமல் நடுத்தரக் குடும்பங்களின் வாக்கு கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். இணைந்த பிறகும் மதுக்கடைகளை உள்ளே விடாமல் தடுக்கக் குடியிருப்பாளர்கள் சங்கம் வைத்து நீதிமன்றம் ஏறி இறங்கினார்கள்.

அதே நாளில் லேக், ஜெஃபர்சன், லேக் வியூ ஆகிய அக்கம்பக்கத்து ஊர்களும் நகரத்தோடு சேர்ந்தன. ஒரே வாக்கெடுப்பில் சிகாகோ சுமார் 125 சதுர மைலும், இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட மக்களும் கூடப் பெற்றது. 1890 கணக்கெடுப்பில் 10,99,850 பேர். பிலடெல்பியாவைத் தாண்டி நாட்டின் இரண்டாவது பெரிய நகரம். கண்காட்சியும் கிடைத்தது. எங்கே நடந்தது தெரியுமா? கார்னெல் போராடி வாங்கிய ஜாக்சன் பார்க்கின் சதுப்பு நிலத்தில். 1893 மே முதல் அக்டோபர் வரை இரண்டரைக் கோடிக்கு மேல் வருகைகள் பதிவாயின. முதல் ஃபெர்ரிஸ் ராட்டினம் மிட்வேயில்தான் சுழன்றது. (விவேகானந்தர் பேசிய சர்வமத மாநாடு கண்காட்சியின் துணை நிகழ்ச்சிதான், ஆனால் அது நடந்தது நகர மையத்தில், இன்று ஆர்ட் இன்ஸ்டிடியூட் இருக்கும் கட்டடத்தில். பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள்.) கண்காட்சிக் கூட்டத்துக்காகத்தான் அதுவரை தெருமட்டத்தில் ஓடிய இல்லினாய் சென்ட்ரல் தண்டவாளத்தை மேடு கட்டி உயர்த்தி, தெருக்களைக் கீழே விட்டார்கள். இன்றும் 53ஆம் தெருவில் நடந்தால் அந்தப் பாலத்துக்கு அடியில்தான் ஏரிப் பக்கம் போக வேண்டும்.

1892 அக்டோபரில் மிட்வேக்கு வடக்கே சிகாகோ பல்கலைக்கழகம் திறந்தது. எண்ணெய் அதிபர் ராக்ஃபெல்லர் பணம் கொடுத்தார், கடை அதிபர் மார்ஷல் ஃபீல்ட் நிலம் கொடுத்தார். அதுமுதல் ஹைட் பார்க் பேராசிரியர்களின் ஊர். நமக்கும் அங்கே ஒரு உறவு உண்டு: 1937இல் அந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1983இல் நோபல் பெற்ற சுப்ரமணியன் சந்திரசேகர், சங்கக் கவிதைகளை ஆங்கிலத்தில் கொண்டுபோன ஏ.கே. ராமானுஜன் இருவரும் அங்கே பல்லாண்டு வேலை செய்தவர்கள்.

கார்னெல் 1904இல் இறந்தார். ஓக் வுட்ஸ் கல்லறையில் அடக்கம். அவர் பேசி வாங்கிய ஸ்டேஷன் இடத்தில் இன்றும் மெட்ரா என்ற புறநகர் மின்சார ரயில் நிற்கிறது.

சரி, பழைய டவுன்ஷிப் முழுக்கப் போய்விட்டதா என்றால், ஒரு இடத்தில் மட்டும் இல்லை. சிகாகோ அடங்கிய மாவட்டமான குக் கவுண்டி, சொத்து வரிக்கு சிகாகோவை இன்னும் பழைய டவுன்ஷிப் வாரியாகத்தான் பிரித்து மதிப்பிடுகிறது. புல்மனிலோ சவுத் சிகாகோவிலோ வீடு வைத்திருப்பவர் தன் வரிப் பதிவை எடுத்துப் பார்த்தால் டவுன்ஷிப் என்ற இடத்தில் ஹைட் பார்க் என்றுதான் இருக்கும்.